துணி பத்தாத தையற்கடை

அந்தத் தெருவின் தையற்காரர் வாயில் எந்நேரமும் உட்கார்ந்திருக்கும் சொல், "துணி பத்தலை." யார் எத்தனை மீட்டர் கொடுத்தாலும் சரி, ஒரு விரற்கடைகூட மிச்சம் திரும்பாது. மிச்சம் கேட்பவர்களுக்கென்று அவரிடம் மூன்று பதில்கள் உண்டு: "துணி சுருங்கிப்போச்சு", "அகலம் கம்மி", "நீங்க கொஞ்சம் உடம்பு வச்சிட்டீங்க." மூன்றாவதைக் கேட்டபின் யாரும் அங்கே நிற்பதில்லை.

மிச்சமெல்லாம் வெட்டுமேசைக்கு அடியில் மூட்டை மூட்டையாகத் தூங்கியது. எதற்கு என்று அவருக்கே தெரியாது. திருப்பிக் கொடுக்க மனசு வரவில்லை, அவ்வளவுதான்.

அவர் மனைவிக்குத் தெரிந்திருந்தது. மகளுக்குக் குழந்தை பிறக்கப்போகிறது என்றதும் ஒரு மூட்டையை அவிழ்த்தாள். எட்டு முக்கோணம் சேர்ந்தால் ஒரு நட்சத்திரம்; தன் அம்மா வழி வந்த அந்த மாதிரியில் போர்வை தைக்க உட்கார்ந்தாள்.

"கந்தலோட கந்தலைச் சேர்த்தா பட்டாயிடுமா? தையலைப் பத்தி உனக்கு என்ன தெரியும்?" என்றார் தையற்காரர். பேசியது முப்பது வருட அனுபவம். மறுநிமிடமே அந்த அனுபவம் ஓடிப்போய் ஜன்னலைச் சாத்தியது. "இது வீட்டை விட்டு வெளிய வரவே கூடாது. ஒருத்தர் பார்த்தாலும் என் பேரு போச்சு!"

அவள் தலையாட்டினாள். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார், பாவம்.

ஐந்து மாதத்தில் போர்வை முடிந்தது. துவைத்தாள். துவைத்ததைக் காயப்போட வேண்டாமா? கடைக்கு மேலேதான் வீடு. மாடிக் கைப்பிடிச் சுவரில், தெருவைப் பார்க்க, நன்றாக விரித்துப் போட்டாள்.

முதலில் நின்றவர் டீச்சர். "அந்தப் பச்சை என்னுதுதானே? பத்தலைன்னு முழுக்கையை அரைக்கை ஆக்கினீங்களே!" பேக்கரிக்காரர் தன் நீலச் சட்டையை ஐந்து நட்சத்திரங்களில் கண்டுபிடித்தார். சற்று நேரத்தில் தெருவே அண்ணாந்து நின்று அவரவர் துணியைத் தேடியது. கடை வாசலில் நின்ற தையற்காரர் கழுத்திலிருந்த அளவுநாடாவை இழுத்து இழுத்துச் சுருட்டினார். இருந்த மூன்று பதில்களில் ஒன்றும் பொருந்தவில்லை.

கோபம் ஆறாமலே டீச்சர் கேட்டார்: "யாரு தைச்சது இதை? எனக்கும் ஒண்ணு வேணும்."

"தைச்சுத் தரேன்க்கா. துணிக்கு என்ன பஞ்சம்?" என்றாள் மனைவி, மாடியிலிருந்து. "கீழ இன்னும் நாலு மூட்டை இருக்கு."

தையற்காரருக்கு உயிரே போய்விட்டது. அவளை முறைக்க நிமிர்ந்தவர் கண்ணில் போர்வைதான் பட்டது. ஒவ்வொரு நட்சத்திரத்திலும் எட்டு முக்கோணத்தின் முனையும் இம்மி பிசகாமல் ஒரே புள்ளியில் வந்து சேர்ந்திருந்தன. அவர் கைக்கு ஒருநாளும் அப்படி வந்ததில்லை. தெரு திட்டியதைவிட அதுதான் அவருக்கு அதிகம் உறைத்தது.