பாதி அப்டேட்டில் அணைந்த பெட்டி

காசிமேட்டிலிருந்து ராயபுரம் வரை எந்த வீட்டில் இன்டர்நெட் நின்றாலும் முதலில் கூப்பிடுவது கிறிஸ்டினாவைத்தான். கேபிள் டி.வி. காலத்திலேயே கம்பம் ஏறத் தொடங்கியவள். அவள் ஏறினால் மேலே உட்கார்ந்திருக்கும் காக்கைகள் நகர்ந்து இடம் விடும். நம்பாதவர்கள் நம்ப வேண்டாம், நான் எண்ணியே பார்த்திருக்கிறேன், ஏழு காக்கை. விசைப்படகில் போன அவள் அப்பா கரை திரும்பாத வருடம் பத்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. இன்டர்நெட் பெட்டியான ரவுட்டருக்குள் ஓடும் மென்பொருளைப் பற்றி யாரும் அவளுக்குப் பாடம் நடத்தவில்லை. ஆகாது என்று வீசிய பெட்டிகளை வீட்டுக்குத் தூக்கிப்போய், நோண்டி நோண்டித் தெரிந்துகொண்டாள்.

போன ஆடியில் ஒரு செவ்வாய்க்கிழமை எங்கள் பக்கத்து வீட்டில், ஆஃபியா வீட்டில், அவள் செய்ததை நேரில் பார்த்தேன்.

ஆஃபியா கப்பல் கம்பெனி ஒன்றுக்குச் சரக்குப் பட்டியல் தயாரிப்பவள். அவள் அப்பா மஜீது பக்கவாதத்தில் கட்டிலோடு கிடக்கிறார். அவரைப் புரட்டிப் படுக்கவைக்க அம்மா சாபிரா ஒருத்தியால் ஆகாது. அதனால் ஆஃபியாவுக்கு வீட்டிலிருந்தே வேலை. ஆபீஸ் கணினிக்குள் அவள் நுழைவது வி.பி.என். வழியாக. பொது இணையத்துக்குள்ளேயே பூட்டுப் போட்டுக்கொண்டு ஓடும் தனிப்பாதை அது. அந்த மாதம் இரண்டு முறை அறுந்துவிட்டது. மூன்றாவது முறையும் அறுந்தால் தினமும் ஆபீசுக்கே வந்துவிட வேண்டும் என்று மேலாளர் சொல்லிவிட்டார். அன்று நான்கு மணிக்குள் ஒரு கப்பலின் பட்டியல் போயாக வேண்டும். செல்போன் இணைப்பில் போகலாமென்றால், பதிவு செய்த வீட்டு இணைப்பைத் தவிர வேறெதற்கும் ஆபீஸ் கதவு திறக்காது.

ஆஃபியா கூப்பிட்டு, இரண்டு மணிக்குக் கிறிஸ்டினா வந்து ரவுட்டர் பெட்டியைப் பார்த்தாள்.

"பொட்டி நல்லாத்தான் கீது. உள்ள கீற சாப்ட்வேருதான் மூணு வருசம் பழசு. அதான் வி.பி.என்ன அறுத்து அறுத்து வுடுது. புச்சு வந்துகீது, ஏத்திட்டா தீந்துச்சு."

"எவ்ளோ நேரம்க்கா?"

"பத்தே நிமிசம். யாரும் தொடாதீங்க, இன்னா?"

அப்டேட்டைத் தொடங்கிவிட்டு, ஒயரைப் பார்க்க மாடிக்குப் போனாள். ஆஃபியா அப்பாவைப் புரட்டிக்கொண்டிருந்தாள். பெட்டியின் விளக்குகள் எல்லாம் சேர்ந்து படபடவென்று சிமிட்டின.

எங்கள் பக்கத்தில் வோல்டேஜ் குதித்து ஃபிரிட்ஜோ ஃபேனோ எரியாத வீடு கிடையாது. விளக்கு சிமிட்டினால் யோசிக்காமல் கை போய் மெயினை இறக்கிவிடும். சாபிராவின் கையும் இறக்கியது.

கிறிஸ்டினா ஓடி வந்தாள். மறுபடி மெயினைப் போட்டால், பெட்டியில் மங்கலாக ஒரே ஒரு சிவப்புப் புள்ளி.

"இன்னாம்மா பண்ணே?"

"சிமிட்டுச்சே கண்ணு! இப்டி சிமிட்டித்தான் எங்கூட்டு கிரைண்டரு பொகஞ்சுது."

"அது வோல்டேஜும்மா! இது பாதி துன்னுகினு இருந்துச்சு, நீ தட்ட புடுங்கிட்ட."

"பொட்டிக்கு மாலை வாங்கியாரச் சொல்லட்டா?" என்றார் மஜீது கட்டிலிலிருந்து, கோணிய வாயோடு.

ஆஃபியா சிரிக்கவில்லை. மணி மூன்று அடிக்கப் பத்து நிமிடம்.

கிறிஸ்டினா தலையிலிருந்து ஹேர்பின்னை உருவினாள். ஆஃபியாவின் லேப்டாப்பில் தன் செல்போன் வழியாகப் புது மென்பொருளை இறக்கி, லேப்டாப்பையும் பெட்டியையும் ஒயரால் கோத்தாள்.

"பொட்டி மொத்தமா சாவலம்மா. உள்ள ஒரு மூலையில அழியாத துண்டு ஒண்ணு முழிச்சிகினே இருக்கும். கரண்டு வந்ததும் 'யாராச்சும் கீறீங்களா'ன்னு கேக்கும். அஞ்சாறு செகண்டுதான். அதுக்குள்ள நாம குடுத்துடணும்."

பெட்டியின் பின்புறம் ரீசெட் பொத்தான் இருக்கும் துளையில் ஹேர்பின்னை அழுத்திக்கொண்டே சுவிட்சைப் போட்டாள். தவறியது. மறுபடி. தவறியது. எத்தனை முறையோ! அவள் கழுத்தில் வழிந்த வியர்வையில் ஒரு கட்டுமரம் விட்டிருக்கலாம். சாபிரா தன் கைகள் இரண்டையும் தொடைக்கு அடியில் போட்டு அவற்றின் மேலேயே உட்கார்ந்துகொண்டாள்.

மூன்று இருபத்தைந்துக்குப் பெட்டி பதில் சொன்னது. விளக்குகள் மறுபடி படபடவென்று சிமிட்டின. துறைமுகத்துக் கப்பல்கள்கூடச் சங்கு ஊதவில்லை. பிறகு ஒவ்வொன்றாகப் பச்சை. உள்ளங்கை அகலப் பெட்டி, தன் உயிரை மறுபடி அடியிலிருந்து எழுதிக்கொண்டு எழுந்துவிட்டது!

இணைப்பை மறுபடி அமைத்து, வி.பி.என்.னை அனுமதிக்கும் இடத்தில் ஒரு தட்டுத் தட்டினாள். ஆபீஸ் கதவு திறந்தது. மூவாயிரம் பெட்டிச் சரக்கின் பட்டியல் அந்த எட்டடி அறையிலிருந்து, நடுவில் எவர் கண்ணும் பிரித்துப் படிக்க முடியாதபடி, புறப்பட்டுப் போனது. மூன்று ஐம்பத்திரண்டுக்கு 'வந்து சேர்ந்தது' என்று பதில்.

மஜீது தலையைத் தூக்க முயன்றார். ஆஃபியா ஓடிப்போய்க் கழுத்துக்குக் கை கொடுத்தாள்.

"அறுந்துச்சாம்மா?"

"அறுவல அத்தா. நாளைக்கும் இங்கதான் இருப்பேன்."