அப்பாவிடம் தப்பு என்று சொல்லிப் பழகிய மாதம்

கணினி அறிவியல் படிக்க நான் விண்ணப்பித்த கல்வி நிறுவனம் வெளி மாநிலத்தில் இருந்தது. எழுத்துத் தேர்வில் தேறிவிட்டேன். நேர்காணல் பாக்கி. அதில் கோட்டை விட்டால் பக்கத்துக் கல்லூரியில் வணிகவியல் என்று வீட்டில் முடிவாகியிருந்தது. வணிகவியல் மேல் எனக்குப் பகை ஒன்றும் இல்லை. ஆனால் அதை நினைத்தாலே அழுகை வந்தது.

பள்ளியில் கணினி ஆசிரியர் ஒரு மாதிரி நேர்காணல் நடத்தினார். பட்டியலைப் பாதி பாதியாக வெட்டிக்கொண்டே போய்த் தேடும் முறையை விளக்கச் சொன்னார். விளக்கினேன்.

"பட்டியல் வரிசை கலைஞ்சு கெடந்தாலும் இப்படித் தேடலாம்லா?" என்றார்.

"ஆமா சார்."

"அது தப்புன்னு ஒனக்குத் தெரியுமா, தெரியாதா?"

"தெரியும் சார்."

"பொறவு ஏன் ஆமான்னு சொன்ன?"

"நீங்க சொல்லுதீங்களே சார்."

நேர்காணலில் பேராசிரியர்கள் வேண்டுமென்றே தப்பாகச் சொல்வார்கள், தலையாட்டினால் சோலி முடிந்தது என்றார். பெரியவர்கள் முகத்துக்கு நேராகத் தப்பு என்று சொல்லிப் பழகச் சொன்னார். எங்கள் வீட்டில் அதற்குக் கிடைத்த ஒரே பெரியவர் அப்பாதான்.

அப்பா முக்கூடலிலிருந்து திருநெல்வேலிச் சந்தைக்கு வாழைத்தார் ஏற்றிப் போகும் குட்டியானை வண்டி ஓட்டுகிறார். விஷயத்தைச் சொன்னதும் தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு பிளாஸ்டிக் நாற்காலியில் வந்து உட்கார்ந்தார்.

"மணிமுத்தாறு நேராப் போயி கடல்ல விழுது," என்றார்.

"அப்படியும் சொல்லலாம்ப்பா."

"ஏட்டி, வாத்தியாரு என்ன சொன்னாரு? மூஞ்சிக்கு நேரா சொல்லு."

"தப்புப்பா. அது தாமிரபரணியிலதான் சேருது."

அப்பாவின் முகம் சிவந்தது. "யாருகிட்ட பேசுத?" என்று எழுந்தார். பிறகு, தான் இப்போது பேராசிரியர் என்பது ஞாபகம் வந்து உட்கார்ந்துகொண்டார்.

அப்புறம் அவருக்கு அது பிடித்துப்போயிற்று. ஒரு தாருக்கு ஏழு சீப்பு என்றால் பத்துத் தாருக்கு அறுபது சீப்பு என்பார். நான் தப்பு என்று சொல்லிக் காரணமும் சொல்ல வேண்டும். ஒருநாள் சாப்பிடும்போது, "கொழம்புல உப்பு சரியா இருக்கு" என்றார். "தப்பு" என்றேன். அன்று அம்மா எங்கள் இருவரிடமும் பேசவில்லை.

நேர்காணலில் மூன்று பேர் இருந்தார்கள். நடுவில் இருந்தவர் ஒரு தாளில் ஊர்களைப் புள்ளிகளாக வரைந்து, எல்லா ஊரையும் சுற்றி வர வழி கேட்டார். எப்போதும் பக்கத்து ஊருக்கே போய்க்கொண்டிருந்தால் மொத்தத் தூரமும் குறைவாகத்தானே வரும் என்று ஆங்கிலத்தில் கேட்டார். தப்பு என்றேன். நான்கு ஊர்களை வரைந்து காட்டினேன். குரல் நடுங்கவில்லை. அவர் தலையசைத்தார்.

அடுத்தவர், எல்லா ஊர்களையும் சுற்றுப்பாதை வராமல் இணைத்தால் சாலைகள் ஊர்களைவிட ஒன்று குறைவாக இருக்கும் என்றார். அவர் முடிக்கும் முன்பே தப்பு என்றேன். எங்கே தப்பு, காட்டு என்றார். வரைந்தேன். மூன்று ஊர், ஐந்து ஊர், ஏழு ஊர். எப்படி வரைந்தாலும் ஒன்று குறைவாகவே வந்தது. அப்பா ஒரு மாதமாகச் சரியான வாக்கியம் ஒன்றுகூடச் சொல்லியிருக்கவில்லை. அதனால் அந்தப் பக்கம் எனக்குப் பயிற்சியே இல்லை. "நீங்கள் சொன்னதுதான் சரி சார்" என்றேன். ஏன் சரி என்று கேட்டார். அதைச் சொல்ல ரொம்ப நேரம் பிடித்தது. வெளியே வந்து படியில் உட்கார்ந்து அழுதேன். வணிகவியல்தான் என்று நினைத்தேன்.

இடம் கிடைத்தது. அம்மா தெருவெல்லாம் சொல்லிவிட்டு வந்தாள். அப்பா அன்று லோடுக்குப் போகவில்லை. வாசலில் நின்ற வண்டியின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய் நின்றேன்.

"இங்கன பக்கத்துக் காலேஜிலயே படிச்சாலும் எல்லாம் ஒண்ணுதான்," என்றார்.

பயிற்சிதான் என்று நினைத்து அவர் முகத்தைப் பார்த்தேன். அதில் பேராசிரியர் இல்லை.

"தப்புப்பா," என்றேன்.

காரணம் கேட்பார் என்று காத்திருந்தேன். அவர் கேட்கவில்லை.

"தெரியும்," என்றார். "சும்மா சொல்லிப் பாத்தேன்."