தோய்க்காத உடுப்பு

பெரியம்மா வெளிநாட்டுக்கு வந்து எங்களோடு தங்கிய குளிர்காலத்தில் அவரும் அம்மாவும் பேசிக்கொள்ளவில்லை. காரணம் ஒரு சட்டை. போரின் முடிவில் காணாமற்போன அவருடைய ஒரே மகனின் சட்டை. பொலித்தீன் பையில் சுற்றி யாழ்ப்பாணத்திலிருந்து கொண்டுவந்திருந்தார். கழுத்துப்பட்டியில் ஊத்தையைக் கண்ட அம்மா, அக்காவுக்கு உதவி என்று நினைத்து, அதைத் தோய்த்து, அயன் செய்து, கட்டிலில் மடித்து வைத்துவிட்டார். சுத்தமாக்கியதற்கு யாராவது கோபிப்பார்களா என்று எட்டு வயதில் எனக்கு ஒரே வியப்பு.

வீட்டின் மௌனம் பொறுக்காத அப்பா, பள்ளி விடுமுறையில் ஒருநாள் எங்கள் மூவரையும் நாங்கள் இருந்த பாபகூராவில் நகரத்து அருங்காட்சியகத்துக்கு ரயிலேற்றிவிட்டு, தான் மட்டும் தப்பி பென்ரோஸிலிருந்த தன் வேலைக்குப் போய்விட்டார்.

அங்கே நிலாவுக்குப் போன ஒருவருடைய விண்வெளி உடையைக் காட்சிக்கு வைத்திருந்தார்கள். மங்கலான, குளிர்ந்த அறை. கண்ணாடிப் பெட்டிக்குள் அது மல்லாந்து கிடந்தது. ஒருகாலத்தில் வெள்ளையாக இருந்திருக்க வேண்டும். முழங்கால்கள் நிலாத் தூசியில் கரிபோலக் கறுத்திருந்தன. நான் இரண்டு நிமிடத்தில் அலுத்துப்போனேன். பெரியம்மா அசையவில்லை.

"பிள்ளை, ஏன் இதைத் தோய்க்காமல் வைச்சிருக்கினம் எண்டு கேள்."

அங்கே நின்ற காவலர் பெண்ணிடம் கேட்டேன். அவர் ஆங்கிலத்தில் பொறுமையாக விளக்கினார். எனக்குத் தெரிந்த தமிழில், அறை முழுக்கக் கேட்கும்படி சொன்னேன்.

"தோய்க்கக் கூடாதாம் பெரியம்மா. போட்டவரின்ர வேர்வை உள்ளுக்க இருக்காம். தோய்ச்சா அவர் போயிடுவாராம். பிறகு வெறும் துணியாம்."

அம்மா முகத்தைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டார். "அக்கா, எனக்குத் தெரியேல்லை" என்றார். பல நாட்களுக்குப் பிறகு அவர் அக்காவோடு பேசிய முதல் வார்த்தை.

"ஓம்" என்றார் பெரியம்மா, கண்ணாடியிலிருந்து கண்ணெடுக்காமல். பிறகு என் பக்கம் திரும்பினார். "இதைப் போட்டவர் திரும்பி வந்தவரோ எண்டு கேள்."

கேட்டேன். பதில் வந்ததும் எனக்குச் சந்தோஷம் பொறுக்கவில்லை. அன்றைய நாளில் கிடைத்த ஒரே நல்ல செய்தி அதுதான்.

"வந்தவராம் பெரியம்மா! வந்து கனகாலம் இருந்தவராம்!"

பெரியம்மா அப்படியே தரையில் இருந்துவிட்டார். அம்மாவும் பக்கத்தில் இருந்து அவரைக் கட்டிக்கொண்டார். சுற்றி நின்றவர்கள் மெல்ல விலகினார்கள். அம்மாவுக்கும் பெரியம்மாவுக்கும் காது சரியாகக் கேட்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, நான் இன்னொரு தடவை, இன்னும் உரத்துச் சொன்னேன்.