தண்ணீரை விசாரிக்க வந்தவர்கள்

கையில் டேப்லெட்டோடு ஒரு பெண்ணும் ஒரு பையனும் வாசலில் வந்து நின்றபோதே எனக்குப் பொறி தட்டியது. "தண்ணிக் கணக்கெடுப்பும்மா" என்றாள் அவள். அடேயப்பா, எங்களுக்குத் தெரியாத கணக்கெடுப்பா!

அந்த வாரம்தான் கணியூரில் என் மகனுக்கு ஒரு பெண் பார்த்துவிட்டு வந்திருந்தோம். ஜாதகம் பொருந்திவிட்டது. "விசாரிச்சுட்டுச் சொல்றமுங்க" என்று அனுப்பியிருந்தார்கள். எங்கள் பக்கம் பெண் கொடுப்பவர்கள் நேராக வந்து கேட்க மாட்டார்கள். ஏதோ வேலையாக வந்த மாதிரி யாராவது வந்து வீட்டை நோட்டம் விட்டுப் போவார்கள். பையன் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர், ஒரு கெட்ட பழக்கம் கிடையாது. ஆனாலும் எங்கள் ஊர்ப் பெயரைச் சொன்னால் போதும், "அங்க தண்ணி இல்லீங்களே" என்று நழுவிவிடுவார்கள். வயதும் ஏறிக்கொண்டே போனது. இதுவும் தட்டிப்போனால் அவனுக்குக் கல்யாணமே இல்லை என்று பயந்து கிடந்தேன்.

டேப்லெட்காரி கேட்ட கேள்விகள் இன்னும் சந்தேகத்தைக் கிளப்பின. தண்ணீர் பத்தாமல் குளிக்காமல் இருந்ததுண்டா? தண்ணீரால் வீட்டில் சண்டை வருமா? கணக்கெடுக்க வந்தவளுக்கு எங்கள் வீட்டுச் சண்டை எதற்கு? "கணியூர்ப் பக்கமா கண்ணு நீ?" என்று மெல்லப் போட்டுப் பார்த்தேன். "இல்லம்மா, மதுரைப் பக்கம்" என்றாள். நன்றாகத்தான் சொல்லிக்கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள்!

"தண்ணிக்கு ஒரு கொறையும் இல்ல கண்ணு. பைப்பத் தொறந்தாக் கொட்டும்" என்று அளந்துவிட்டேன். உண்மையில் குழாயில் ஆற்றுத் தண்ணீர் எப்போது வருமென்று யாருக்கும் தெரியாது. நானும் பனியன் கம்பெனியில்தான் வேலை பார்க்கிறேன். துணி சரிபார்க்கும் செக்கிங் டேபிளில் நின்றாலும் என் காது போன் மேலேயே இருக்கும். தண்ணி வந்திருச்சு என்று பக்கத்து வீட்டுக்காரி கூப்பிட்டால் சூப்பர்வைசரிடம் திட்டு வாங்கிக்கொண்டு ஓடிவர வேண்டும். அப்பனும் மகனும் குளித்து மிச்சமிருந்தால்தான் எனக்குக் குளியல்.

ஆண்களைத் தனியாகக் கேட்க வேண்டுமாம். அந்தப் பையன் என் வீட்டுக்காரரை வேப்பமரத்தடிக்குக் கூட்டிப்போனான். மனுஷன் உளறிவிட்டால் என்ன செய்வது? ஜன்னலோரம் போய் நின்றுகொண்டேன். "தண்ணிக்கு ஒரு பிரச்சனையும் இல்லீங்க தம்பி" என்றார். அப்பாடா! அவர்கள் போனதும், "பரவால்லீங்க, நல்லாத்தான் பொய் சொல்றீங்க" என்றேன்.

"பொய்யா? நமக்கென்ன பிரச்சன?" என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் சொன்னதுதான் பொய். அவர் தனக்குத் தெரிந்ததைச் சொல்லியிருக்கிறார்.

அடுத்த வாரம் பெண்ணின் அம்மாவும் தாய்மாமனும் மாப்பிள்ளை வீடு பார்க்க வந்தார்கள். கணக்கெடுத்தவள் நல்லபடியாகச் சொல்லியிருக்கிறாள் என்று பூரித்துப்போனேன். அந்தம்மா பின்பக்கம் வரிசையாக இருந்த டிரம்களை எட்டிப்பார்த்தார். "இத்தன டிரம்முக்கும் யாருங்க தண்ணி புடிக்கறது?"

நான் வாயைத் திறப்பதற்குள் வீட்டுக்காரர் பெருமையாக முந்திக்கொண்டார். "இத்தன நாளும் இவ புடிச்சாளுங்க. இனி உங்க புள்ள வந்துருமில்லீங்க!"

போட்ட இலையில் கை நனைக்காமலே அவர்கள் கிளம்பிவிட்டார்கள். மகன் கேட் வரைக்கும் பின்னாலேயே போய், அங்கேயே நின்றான். அவன் முகத்தைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை. அந்தம்மாவைத் திட்டித் தீர்க்கலாம் என்று பார்த்தேன், வாய் வரவில்லை. எனக்கொரு மகள் இருந்து, அவளை இந்த வீட்டுக்குக் கேட்டிருந்தால், நானும் எழுந்துதான் போயிருப்பேன்.