அண்ணன் வீட்டு முகவரி

புரண்டு படுக்க முடியாத நோயாளியைக்கூட வலிக்காமல் திருப்பி எக்ஸ்ரே எடுத்துவிடுவார் சைலஸ். நியூயார்க்கில் மான்ஹாட்டன் ஆஸ்பத்திரி ஒன்றில் பத்தொன்பது வருஷ வேலை. வீடு பக்கத்து மாநிலமான நியூ ஜெர்சியில், எடிசனில். தினமும் ரயிலில் போய் வருவார். அப்படிப்பட்டவரை ஒரு கல்லூரிக் கடிதம் உட்கார வைத்துவிட்டது.

மகள் ஆன்லினுக்கு நியூ ஜெர்சி மாநிலக் கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது. வெளி மாநிலத்தாருக்குக் கட்டணம் ஏறக்குறைய இரண்டு மடங்கு. உள்ளூர்க்காரர்தான் என்பதற்கு, அப்பாவின் நியூ ஜெர்சி வருமான வரிப் படிவத்தை மே முதல் தேதிக்குள் காட்டச் சொன்னார்கள். சைலஸ் அலமாரியைத் துழாவினார். இருந்தது எல்லாம் நியூயார்க் படிவம்.

"சம்பளம் குடுக்கற ஊர்லதானே டாக்ஸ் கட்டணும்?" என்றார் மனைவி ஷைனாவிடம்.

"என்னைக் கேட்டா? வருஷா வருஷம் நானே ஃபைல் பண்றேன்னு பெருமையடிச்சது நீங்கதானே."

மூவரும் ஓக் ட்ரீ ரோட்டில் வரிக்கணக்குப் பார்க்கும் மாதவிடம் போனார்கள். அவன் ஆஸ்பத்திரி கொடுத்த சம்பளச் சான்றைப் பார்த்துப் புருவத்தைச் சுருக்கினான்.

"அங்கிள், இதுல குயின்ஸ் அட்ரஸ் இருக்கே?"

"அது எங்க அண்ணன் வீடு. பெர்மனென்ட் அட்ரஸ்."

அமெரிக்கா வந்த புதிதில் சைலஸ் மூன்று மாதம் நியூயார்க் நகரத்தின் குயின்ஸ் பகுதியில் இருந்த அண்ணன் ஞானம் வீட்டில் தங்கினார். நாகர்கோவிலில் எந்தப் படிவத்திலும் தற்போதைய முகவரி, நிரந்தர முகவரி என்று இரண்டு கட்டம் இருக்கும். இங்கே ஒரே கட்டம். வாடகை வீடு மாறும், அண்ணன் வீடு மாறாது. அதனால் ஆஸ்பத்திரிப் படிவத்தில் அதை எழுதினார். எடிசனுக்கு வந்த பிறகும் மாற்றவில்லை.

"நீங்க எங்க குடியிருக்கீங்களோ அதுதான் உங்க ஸ்டேட், அங்கிள். வேலை பாக்கற ஸ்டேட்டுக்கு வெளியூர்க்காரரா ஒண்ணு, வீடு இருக்கற ஸ்டேட்டுக்கு ஒண்ணு. ரெண்டு ஃபைல் பண்ணணும்."

"ரெண்டு தடவை கட்டணுமா?"

"இல்ல. அங்க கட்டினதை இங்க கழிச்சுப்பாங்க."

"அப்போ இங்க எவ்ளோ?"

"உங்க சம்பளத்துக்கு, அநேகமா ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லாததுக்கு எதுக்குப்பா ஃபைல்?"

மாதவ் தலையைச் சொறிந்தான். "அது மட்டுமில்ல. குயின்ஸ்வாசின்னு நெனச்சு, அந்த நகரத்துல குடியிருக்கறவங்க மட்டும் கட்டற நியூயார்க் சிட்டி டாக்ஸும் உங்ககிட்ட பிடிச்சிருக்காங்க. கடைசி மூணு வருஷத்தோடது திரும்பி வரும்."

திட்டு வாங்கத் தயாராக வந்தவர் சைலஸ். "தப்புப் பண்ணது நான். பணம் எனக்கா?"

"எடிசன்ல இருந்தீங்கன்னு ப்ரூஃப் குடுத்தா. லைசன்ஸ்?"

குயின்ஸ் முகவரி. பாங்க் கணக்கு, அதுவும் குயின்ஸ். வாடகை ஒப்பந்தமும் கரண்ட் பில்லும் ஷைனா பேரில்.

"பேப்பர்ல பாத்தா நான்தான் தனிக்குடித்தனம் இருந்திருக்கேன்" என்றாள் ஷைனா.

"டாட், ஸ்கூல் ஃபார்ம்? யூ சைன்ட் ஒன் எவ்ரி இயர்" என்றாள் ஆன்லின், போனிலிருந்து கண்ணை எடுக்காமல்.

மகளோடு எடிசனில் குடியிருக்கிறேன் என்று பள்ளிக்கூடத்துக்கு வருஷா வருஷம் எழுதிக் கொடுத்திருந்தார். அதே வருஷங்களில் நியூயார்க்குக்கு, குயின்ஸ்வாசி என்று.

"ரெண்டுல ஒண்ணு தப்பு, அங்கிள். எதுன்னு நீங்களே எழுதிக் குடுத்துடுங்க."

எடிசன் முகவரியோடு மாதவ் தயாரித்த புதுப் படிவங்களில் கையெழுத்துப் போடும் முன் சைலஸ் வெளியே போய் அண்ணனுக்குப் போன் செய்தார்.

"அண்ணே, அட்ரஸ மாத்துறேன்."

"ஏம்டே? இங்க ஆராவது உன்ன ஏதும் சொன்னாங்களா?"

"இல்லண்ணே, டாக்ஸுக்கு."

"டாக்ஸுக்காவ அண்ணன் வீடு வேண்டாம்னு எழுதுவியோ?"

விளக்கத் தொடங்கிய சைலஸ், எதைக் கழித்து எது வரும் என்ற இடத்தில் தானே சிக்கிக்கொண்டார். "பிள்ளை படிப்புக்குண்ணே" என்றார் கடைசியில். அண்ணன் போனை வைத்துவிட்டார். உள்ளே வந்து, காட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டார் சைலஸ்.

மே இரண்டாம் வாரம் கல்லூரி உள்ளூர்க் கட்டணத்துக்குப் பில் அனுப்பியது. சைலஸ் அன்றைக்கே கட்டினார். கூடவே இருந்தும் புரியாத ஷைனா, எப்படிச் சரியானது என்று கேட்டாள். "மாதவைக் கேளு" என்றார்.