மாங்கோ என்றால் காயா, பழமா?

1931 வைகாசி, செவ்வாய்க்கிழமை. யாழ்ப்பாணத்துப் பொலிஸ் நீதிமன்றம். முறைப்பாடு: அச்சுவேலியில், வைக்கோலில் பழுக்கவைத்த கறுத்தக்கொழும்பான் மாம்பழம் ஓர் ஓலைக்கடகம் களவு. எதிரி: அயல்வீட்டுக் கந்தையா. நீதவான்: ஆங்கிலேயர். மொழிபெயர்ப்பு: மன்றின் முதலியாராகிய நான்.

கந்தையா கைகட்டிச் சொன்னார்: "ஓம் ஐயா, வேலிக்கு வெளியை ஒழுங்கையிலை விழுந்து கிடந்த மாங்காய் எடுத்தனான். மாம்பழம் தொடேல்லை."

நான் யோசியாமல் ஆங்கிலத்தில் பெயர்த்தேன்: "மாங்கோ எடுத்தாராம், மாங்கோவைத் தொடவில்லையாம்."

மன்று சிரித்தது. நீதவான் சிரிக்கவில்லை.

"முதலியார், இவர் குற்றத்தை ஒப்புக்கொள்கிறாரா, என்னைக் கேலி செய்கிறாரா?"

அவர் பேனா மையில் தோய்ந்துவிட்டது. ஒப்புதல் என்று பதிவானால் கந்தையாவுக்கு மறியல் வீடுதான். பிழை என்னுடையது என்று எழுந்து சொன்னேன். நம் தமிழ், மலையாளக் கரைகளில் மாங்காய், மாங்ஙா என்று கேட்ட சொல்லைப் போர்த்துக்கேயர் 'மங்கா' என்று கொண்டுபோனார்கள். ஆங்கிலத்தில் அது 'மாங்கோ' ஆயிற்று. காயின் பெயரே பழத்துக்கும் நிலைத்துவிட்டது. எதிரி சொன்னவை இரண்டு பொருள்கள். ஆங்கிலத்திடம் இருந்தது ஒரு சொல்.

"அப்படியானால் நான் தினமும் காலையில் உண்பது மாங்காயா?"

"சொல்லின்படி, ஆம் பிரபு."

இம்முறை அவரும் சிரித்தார். புளிக்கும் காய் எதற்கு என்று கந்தையாவைக் கேட்டார்.

"என்ரை மனிசி வாயும் வயிறுமாய் இருக்கிறா ஐயா. இப்ப பழத்தைக் குடுத்தால் என்ரை தலையிலைதான் எறிவா!"

முறைப்பாட்டுக்காரரே தலையைச் சொறிந்தார். "ஒழுங்கையிலை விழுறது ஆருக்கும் பொதுதான் ஐயா. உவன் மாங்காயோடை போனதைத்தான் நான் கண்டனான்."

வழக்குத் தள்ளுபடியாயிற்று.

அன்று மாலை இதைக் கேட்ட என் மனைவி பொன்னம்மாவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "இஞ்சாருங்கோ, அப்ப தோடம்பழத்தை 'ஒறேஞ்ச்' எண்டிறாங்களே, அதுவும் எங்கடை சொல்லோ?"

"பாத்துச் சொல்லுறன்" என்றேன்.

சென்ற தை மாதம் அவள் காலமாகும்வரை, ஒவ்வொரு பருவத்திலும் பழத்தட்டை நீட்டி, "மாங்கோ எடுங்கோ, மாங்கோவைத் தொடாதேங்கோ" என்பாள்.

இத்தொழிலுக்கு வரும் இளையோர் அறியவேண்டியது ஒன்றே: சாட்சி இரண்டு சொன்ன இடத்தில் உங்கள் வாயில் ஒன்றே வந்தால், வழக்கை நிறுத்திக் கேளுங்கள். வெட்கப்படவேண்டாம்.

செய்யாமல் எஞ்சியவை:

பிஞ்சு, காய், பழம் என்று பிரித்து, புதிய மொழிபெயர்ப்பாளருக்குச் சொற்பட்டியல் எழுதுதல்.

பின்வளவு மாமரம் இம்முறை நிறையக் காய்த்திருக்கிறது. இறக்க ஆள் பிடித்தல்.

ஒறேஞ்ச்: நம் நாரத்தங்காயின் உறவுதான், அரபிகளின் வாய்வழி போனது. பார்த்துவிட்டேன். அவளிடம் சொல்லவில்லை.