பர்மா கடையில் முத்தச் சத்தம்

லிஃப்ட்காரர் பர்மா சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்துகொண்டு, பரிமாறுகிற பெண்ணைப் பார்த்து முத்தம் கொடுக்கிறாராம். ஒன்றோடு நிறுத்துவதும் இல்லையாம். சோற்றுக்கு ஒன்று, சூப்புக்கு ஒன்று, கை கழுவப் போகுமுன் ஒன்று. ஒளிவு மறைவு கிடையாதாம். கடை நிறைய ஆள் இருக்கும்போதே கொடுக்கிறாராம்.

செய்தி தெருவில் எல்லோருக்கும் தெரிந்த பிறகு, முறைப்படி கடைசியாக, அவருடைய மனைவிக்கு வந்து சேர்ந்தது.

கொண்டுவந்தவர் அவள் வேலை பார்க்கும் சலவைக் கடையிலேயே இஸ்திரி போடும் அண்ணன். பெட்டியைச் சட்டை மேல் ஒருமுறை இழுத்துவிட்டு, "நான் சொன்னேன்னு சொல்லிடாத தங்கச்சி" என்று ஆரம்பித்தார். அப்படி ஆரம்பிக்கிறவர்கள் யாரும் பாதியில் நிறுத்துவதில்லை.

"நீங்க பாத்தீங்களா, கேட்டீங்களா?"

"நான் எங்க பாத்தேன்? பார்சல் வாங்கப் போன என் மச்சான் பாத்தான்."

"அவருக்குக் கண்ணு சரியில்லன்னுதானே கண்ணாடி மாத்துனீங்க?"

"கண்ணுதானம்மா சரியில்ல. காது நல்லாத்தான் இருக்கு. சத்தம் கேட்டுதாம்."

அவளுக்குத் தெருவில் பாக்கெட்டக்கா என்று பெயர். வெளுக்க வரும் துணி ஒவ்வொன்றின் பாக்கெட்டையும் வெளியே இழுத்துப் பார்த்த பிறகுதான் ரசீது எழுதுவாள். பேருந்துச் சீட்டு, பாதி கடித்த மாத்திரை, ஒருமுறை முழுசாக ஒரு பல் செட்டு, எல்லாவற்றையும் கவரில் போட்டு ஊசி குத்தி, உரியவரிடம் முகம் மாறாமல் நீட்டுவாள். சினிமாவுக்கு ஒற்றை டிக்கெட் எடுத்ததாக வீட்டில் சொன்னவர் யார், சிகரெட்டை விட்டுவிட்டதாகச் சத்தியம் செய்தவர் யார் என்பதெல்லாம் அவளுக்குத் தெரியும். வாயைத் திறந்தால் அந்தத் தெருவில் பாதி வீடுகளில் சமையல் நின்றுபோகும். திறக்கமாட்டாள். ஆனால் இப்படி வருஷக்கணக்காக மனிதர்களை உள்பக்கமாகவே பார்த்துப் பழகியதில், வெளிப்பக்கத்தை நம்பும் பழக்கம் விட்டுப்போயிற்று. டாக்டர் கொடுத்த மாத்திரையை இன்னொரு டாக்டரிடம் காட்டிவிட்டுத்தான் விழுங்குவாள். கல்யாணத்துக்கு முன்பு மாப்பிள்ளையின் கம்பெனிக்கு வெவ்வேறு குரலில் ஃபோன் செய்து, அப்படி ஒருத்தர் நிஜமாகவே வேலை செய்கிறாரா என்று விசாரித்தவள்.

புருஷனின் பாக்கெட்டில் இதுவரை ஒரு துண்டுக் காகிதம்கூட அகப்பட்டதில்லை. அதுதான் அவளுக்கு உறுத்தல். ஒன்றுமே இல்லாத பாக்கெட் என்றால் யாரோ முன்னாடியே துடைத்துவிட்டார்கள் என்று அர்த்தம். இது தொழில் சொல்லிக்கொடுத்த பாடம்.

அவரைப் பற்றியும் சொல்லவேண்டும். லிஃப்ட் பழுது பார்ப்பவர். ஆள் நல்ல உயரம். குரல் மட்டும் எங்கோ கீழ்த்தளத்திலேயே நின்றுவிட்டது. எந்த ஹோட்டலுக்குப் போனாலும் கையைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பரிமாறுகிறவர் அவரைத் தாண்டிப் போய்ப் பின்னால் இருப்பவருக்குத் தண்ணீர் வைப்பார். அப்புறம் பாக்கெட்டக்காதான், "என்னப்பா, இங்க ஒரு மனுஷன் உக்காந்திருக்கறது தெரியலையா?" என்று அடித்தொண்டையில் இருந்து ஒன்று விடுவாள். தண்ணீர் வரும், கூடவே முதலாளியும் வருவார். வங்கியில், ஆஸ்பத்திரியில், பேருந்தில், எங்கேயும் அவருக்கு வாய் அவள்தான்.

அப்பேர்ப்பட்ட மனிதர் நாலு பேர் நடுவில் முத்தம் கொடுக்கிறாரா? நம்ப முடியவில்லை. நம்ப முடியாதது என்பதாலேயே இருக்கலாமோ என்றும் பட்டது. புதன்கிழமை சாயங்காலம் ஏதோ ஆபீஸ் கட்டடத்தில் சர்வீஸ் என்று போகிறாரே, வந்தால் ராத்திரிச் சோற்றைக் கோழி மாதிரிக் கொறிக்கிறாரே, சட்டையில் மெஷின் ஆயிலுக்குப் பதில் பொரித்த பூண்டு மணக்கிறதே! வேற்று மனிதர் சட்டைகளை மோந்து பார்த்தவள் சொந்த வீட்டுச் சட்டையில் ஏமாந்துபோனாள். அவர் தன்னை விட்டுவிட்டுப் போய்விடுவாரா என்ற பயம் ஒரு பக்கம். இத்தனை வருஷமும் தனக்குத் தெரியாத ஆள் ஒருவரோடா குடித்தனம் பண்ணினோம் என்பது இன்னொரு பக்கம். இரண்டாவதுதான் அதிகம் வலித்தது.

அடுத்த புதன்கிழமை தலைவலி என்று சொல்லிக் கடையிலிருந்து கிளம்பினாள். பர்மா கடைக்கு எதிரே ஜெராக்ஸ் கடை. அங்கே நிற்க ஒரு காரணம் வேண்டுமே, கையில் இருந்த சலவை ரசீதையே கொடுத்து நகல் எடுக்கச் சொன்னாள். எடுத்தாயிற்று. "இன்னொண்ணு" என்றாள். அப்புறம் இன்னொன்று. ஜெராக்ஸ்காரர் அவளை ஒரு மாதிரியாகப் பார்க்கத் தொடங்கியபோது, எதிரே கண்ணாடிக்கு உள்ளே அவர் தெரிந்தார். தலை வாரியிருந்தார். சட்டை இஸ்திரி போட்டது. உதட்டைக் குவித்தார். கன்னத்தில் சந்தனம் போல ஏதோ பூசிய ஒரு பெண் சிரித்துக்கொண்டே ஓடி வந்தாள்.

இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? நகல்களை வாங்காமலே தெருவைத் தாண்டினாள்.

"ஆபீஸ் கட்டடம் ரொம்ப நல்லா இருக்குங்க. லிஃப்ட்டு எங்க வெச்சிருக்காங்க?"

அவர் எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் சாய்ந்தது. ஏதோ சொன்னார். வழக்கம்போலக் கேட்கவில்லை. அதற்குள் அந்தப் பெண் நாற்காலியை நிமிர்த்தி, இன்னொன்றையும் இழுத்துப் போட்டு, "உக்காருங்கக்கா" என்றாள்.

"உக்கார்றது இருக்கட்டும். இவரு உனக்கு என்ன கொடுத்தாரு?"

"இன்னும் ஒண்ணும் கொடுக்கல அக்கா. சாப்பிட்டு முடிச்சாதானே பில்லு."

பாக்கெட்டக்கா பதிலுக்கு மூச்சு இழுக்கும்போது, முதுகுக்குப் பின்னாலிருந்து பளிச்சென்று ஒரு முத்தம் கேட்டது. திரும்பினாள். வழுக்கைத் தலைப் பெரியவர் ஒருவர், பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமலே உதட்டைக் குவித்திருந்தார். "தோ வந்துட்டேன்" என்று அந்தப் பெண் அங்கே போனாள். ஜன்னல் பக்கம் இன்னொன்று. அது மடியில் குழந்தையோடு இருந்த ஒரு அம்மாள். அதற்கு ஓடி வந்தது தோளில் துண்டும் முன்னால் தொப்பையுமாக ஒரு சமையல்காரர்.

"அடப்பாவிகளா, இங்க எல்லாருமேவா?" என்று பாக்கெட்டக்கா உட்கார்ந்துவிட்டாள்.

அந்தப் பெண் விஷயத்தைப் புரிந்துகொண்டு, தட்டால் வாயை மறைத்துக்கொண்டு சிரித்தாள். "எங்க ஊரு டீக்கடைல ஆளைக் கூப்பிடறது இப்படித்தான் அக்கா. வாய் விட்டுக் கூப்பிட்டா அடுப்பு இரைச்சல்ல காதுல விழாது. இது விழுந்துடும்."

நல்ல விளக்கம்தான். நல்ல விளக்கங்களை அவள் நிறையக் கேட்டிருக்கிறாள். எழுந்து நேராகப் பேப்பர் பெரியவரிடம் போனாள். "ஐயா, தப்பா நெனைக்காதீங்க. நீங்க இப்படிக் கூப்பிடறது உங்க வீட்டுல தெரியுமா?"

"எனக்குப் பழக்கிவிட்டதே அவதாம்மா" என்று எதிர் நாற்காலியைக் காட்டினார் பெரியவர். அங்கே மீன் சூப்பில் சேமியாவைத் தேடிக்கொண்டிருந்த அவர் மனைவி நிமிர்ந்து, செய்முறை விளக்கமாகவே ஒன்று வைத்துக் காட்டினாள். தொப்பைக்காரர் எட்டிப் பார்த்தார்.

திரும்பி வந்தால் மேஜை நிறையத் தட்டுகள். சூப், பச்சைக் காய்கறி, கருப்பாக ஒரு தொக்கு. "இதெல்லாம் யாரு கேட்டா? தலைல கட்டப் பாக்கறீங்களா?" என்றாள். சோறு சொன்னால் அதெல்லாம் கூடவே வரும், தீரத் தீர வைப்பார்கள், காசு கிடையாது என்றார் லிஃப்ட்காரர். காசு கிடையாது என்றதும் இன்னும் கூர்ந்து பார்த்தாள். கடைசியாக ஊறவைத்த தேயிலையில் வேர்க்கடலையும் பூண்டும் போட்டுக் கிளறிய ஒரு சாலட் வந்தது. டீயை வடிகட்டிக் குடித்துவிட்டுச் சக்கையைத் தள்ளுகிறார்களோ என்று ஒரு கரண்டி வாயில் போட்டாள். சக்கை இல்லை. உறுதி செய்துகொள்ள இன்னொரு கரண்டி. ரொம்ப உறுதியாகத் தெரிந்துகொள்ளும் பொருட்டுத் தட்டையே தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"சரி, சத்தம் பொய்யில்ல. ஆனா ஆபீஸ் கட்டடம் பொய்தானே? அது எதுக்கு?"

அவர் பேசினார். கேட்க அவள்தான் மேஜை மேல் சாய வேண்டியிருந்தது.

"உன்னைக் கூட்டிட்டு வந்தா நீ கூப்பிட்டுடுவ."

"கூப்பிட்டா என்னவாம்?"

"எல்லா இடத்துலயும் நீதானே கூப்பிடுற. இங்க நான் கூப்பிட்டா வர்றாங்க."

சட்டைப் பையை உள்பக்கம் இழுத்து, மூலையில் விரலை விட்டுத் துழாவுவது போல, அந்த வார்த்தைகளையும் ஒரு முறை வெளியே இழுத்துப் பார்த்தாள். பொய் ஒன்றும் தட்டுப்படவில்லை. தட்டுப்பட்டிருந்தால் தேவலை. தொண்டை கிழியக் கத்தியதெல்லாம் இந்த மனிதருக்காக என்று நினைத்திருந்தாளே, அது அவர் வாயை அடைக்கும் சுவராகவா எழும்பியிருக்கிறது? கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியாததால் சூப்பைக் குடித்தாள். காரம் ஏறியது.

பழக்க தோஷத்தில் நிமிர்ந்து, "ஏம்ப்பா, தண்ணி!" என்று விட்டாள். அடுப்பு உறுமியது. யாரும் திரும்பவில்லை. இன்னொரு தடவை விட்டாள். தொப்பைக்காரர் பாட்டுக்கு வாணலியைக் குலுக்கிக்கொண்டிருந்தார். லிஃப்ட்காரர் அவசரப்படாமல் உதட்டைக் குவித்தார். தண்ணீர் வந்தது.

"நீ ஒண்ணு வெச்சுக் கூப்பிடு பாக்கலாம்" என்றார். அவர் குரல் எப்போதையும்விட ஒரு மாடி மேலே கேட்டது.

"நானா? நாலு பேரு பாக்கவா? விளையாடறீங்களா?"

"நாலு பேரு பாக்கத்தானே வந்து லிஃப்ட்டு எங்கன்னு கேட்ட? அதுக்கு ஈடு ஒண்ணே ஒண்ணு."

அவள் உதட்டைக் குவித்தாள். காற்றுதான் வந்தது. பேப்பர் பெரியவரின் மனைவி ஆவலாகப் பார்ப்பது தெரிந்து வாயை மூடிக்கொண்டாள். "கடனா இருக்கட்டும்" என்றாள். அவர் தலையாட்டினார்.

இப்போது புதன்கிழமைகளில் இருவருமாகத்தான் போகிறார்கள். மற்ற நாட்களில் சர்வீஸ் என்று அவர் சொன்னால், எந்தக் கட்டடம், எத்தனையாவது மாடி என்று கேட்டு ஃபோன் போட்டுச் சரிபார்க்கிறாள். அதில் மாற்றமில்லை. கடையில் மட்டும் வாய் திறப்பதில்லை. தேயிலை சாலட் இன்னொரு தட்டு வேண்டும் என்றால் அவர் முகத்தைப் பார்க்கிறாள், அவர் கூப்பிடுகிறார். அந்த ஒன்று இன்னும் பாக்கி. அவர் அதை ஞாபகப்படுத்துவதும் இல்லை, வட்டி கேட்பதும் இல்லை. அதுவே அவளுக்குச் சந்தேகமாகத்தான் இருக்கிறது.